கல்லுக்குள் ஒளிந்திருக்கும் நிறம்

அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் உள்ள பிராங்க்ளின் என்ற ஊரின் சுரங்கக் கல்லைப் பகலில் கையில் எடுத்தால் விசேஷமாக ஒன்றும் தெரியாது. அழுக்கு வெள்ளை, இடையிடையே பழுப்புத் திட்டு, அங்கங்கே கரும்புள்ளி. ஜல்லிக் குவியலில் கிடந்தால் யாரும் குனிந்து எடுக்கமாட்டார்கள். இருட்டறையில் அதன்மேல் புற ஊதா விளக்கைக் காட்டினால் வெள்ளைப் பகுதி தணலாகச் சிவக்கும்; பழுப்புத் திட்டு கிளிப்பச்சையாகும்; கரும்புள்ளி மட்டும் கருப்பாகவே கிடக்கும். சிவப்பது கால்சைட், பச்சையாவது வில்லமைட், அசையாமல் இருப்பது பிராங்க்ளினைட். விளக்கை அணைத்தால் மறுபடி ஜல்லிதான்.

புற ஊதா ஒளி கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஆற்றல் மிக்கது. அதை வாங்கிக்கொள்ளும் எலக்ட்ரான் மேல்நிலைக்குத் தாவுகிறது. வாங்கியதில் ஒரு பங்கை வெப்பமாகத் தொலைத்துவிட்டு, மீதியை ஒளியாக விட்டபடி கீழே இறங்குகிறது. ஆற்றல் குறைந்துவிட்டதால் அந்த ஒளி கண்ணுக்குப் புலப்படும் நிறமாக வருகிறது. இந்த ஒளிர்வை ஆராய்ந்த ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ், 1852இல் புளோரைட் என்ற கனிமத்தின் பெயரை வைத்தே இதற்கு ‘புளோரசென்ஸ்’ என்று பெயரிட்டார். தமிழில் ஒளிர்தல் எனலாம். பெயர் கொடுத்த புளோரைட்டிலேயே ஒளிராத துண்டுகள் ஏராளம் என்பது வேடிக்கை. விளக்கை அணைத்த பிறகும் சில கற்கள் சிறிது நேரம் மின்னும், அது நின்றொளிர்தல். ரூபாய் நோட்டின் எண்கள் வங்கி விளக்கில் பளிச்சிடுவதும், சலவைத்தூளில் துவைத்த வெள்ளைச் சட்டை நீலமாக மின்னுவதும் இதே ஒளிர்தல்தான்.

பெரும்பாலான கற்களில் ஒளிர்வது கனிமம் அல்ல, அதில் கலந்த அசுத்தம். சுத்தமான கால்சைட் ஒளிராது. பிராங்க்ளின் கால்சைட்டில் கொஞ்சம் மாங்கனீஸும் கொஞ்சம் ஈயமும் இருக்கின்றன. ஈயம் புற ஊதாவை வாங்கி மாங்கனீஸிடம் கொடுக்க, மாங்கனீஸ் சிவப்பை உமிழ்கிறது. வில்லமைட்டின் பச்சைக்கும் அதே மாங்கனீஸ்தான் காரணம். கால்சைட்டில் அதைச் சுற்றி ஆறு ஆக்சிஜன், வில்லமைட்டில் நான்கு. அக்கம்பக்கம் மாறினால் நிறமும் மாறுகிறது. மாணிக்கத்தின் சிவப்பொளி குரோமியத்தால் வருகிறது, பல புளோரைட்டுகளின் நீலம் யூரோப்பியத்தால். அளவும் சரியாக இருக்க வேண்டும், குழம்பில் உப்புப்போல. மாங்கனீஸ் மிஞ்சினாலும் ஒளி மங்கும். இரும்பு புகுந்தால் பெரும்பாலும் அணைந்தே போகும். இரும்பு குறைந்த பர்மா, இலங்கை மாணிக்கங்கள் நன்றாகச் சிவக்க, இரும்பு மிகுந்த தாய்லாந்து மாணிக்கங்கள் மங்கித் தெரிவதற்குக் காரணம் இதுவே.

அசுத்தமே ஒளிர்கிறது என்ற விதிக்கு ஷீலைட் விலக்கு. கால்சியம் டங்ஸ்டேட்டான அது தன் இயல்பிலேயே நீலவெள்ளையாக ஒளிரும். மாலிப்டினம் கலந்தால் மஞ்சளுக்குத் திரும்பும். டங்ஸ்டன் தேடுவோர் இரவில் விளக்கோடு பாறைகளிடையே அலைந்தது இதற்காகத்தான். பிராங்க்ளினிலும் ஒளிர்வு முதலில் தொழிலுக்கே உதவியது: வில்லமைட் துத்தநாகத் தாது என்பதால், கழிவில் தாது தங்கிவிட்டதா என்று விளக்கடித்துப் பார்த்தார்கள். அந்தச் சுரங்கம் 1954இல் மூடப்பட்டது. அருகிலுள்ள ஸ்டெர்லிங் ஹில் சுரங்கம் 1986இல் நின்று, இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது.

சேகரிப்பவருக்கு இரண்டு விளக்குகள் தேவை: 365 நானோமீட்டர் நெட்டலை, 254 நானோமீட்டர் குற்றலை. மாணிக்கத்துக்கு முதலாவது போதும். பிராங்க்ளின் கற்களும் ஷீலைட்டும் இரண்டாவதில்தான் முழு அழகு காட்டும். மலிவான 395 நானோமீட்டர் டார்ச் ஊதா வெளிச்சத்தையே நிறையக் கொட்டும். அந்த ஊதாவில் மெல்லிய ஒளிர்வு மூழ்கிவிடும். அதை வாங்குவது வீண். குற்றலை விளக்கு ஆபத்தானது. தோலைச் சுடும், வெல்டிங் வெளிச்சத்தைப் பார்த்தவரின் கண்போல மணல் உறுத்தும் வலியைத் தரும். பக்கவாட்டையும் மூடும் பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் அதை ஏற்றக் கூடாது. ஆட்டுனைட் போன்ற யுரேனியக் கற்கள் கண்ணைப் பறிக்கும் பச்சையில் ஒளிர்ந்தாலும் கதிரியக்கம் உடையவை. படுக்கையறையில் வைக்காமல் காற்றோட்டமுள்ள இடத்தில் தனியே வைப்பது நல்லது.

ஒளிரும் நிறத்தை மட்டும் வைத்துக் கனிமத்தின் பெயரைச் சொல்லிவிட முடியாது. ஒரே கால்சைட் ஓரிடத்தில் சிவப்பு, வேறோரிடத்தில் நீலம், இன்னோரிடத்தில் வெறும் இருட்டு. அதனால் கல்லோடு ஒட்டும் சீட்டில் கிடைத்த இடமும் எந்த அலையில் எந்த நிறம் என்பதும் இருக்க வேண்டும். உடைந்த கல்லை ஒட்டிய பசையும் சட்டையிலிருந்து உதிர்ந்த நூலும்கூட ஒளிர்ந்து ஏமாற்றும். இரவில் வெளியே தேடுவோருக்கு இன்னொன்று: தேளும் இந்த விளக்கில் நீலப்பச்சையாக ஒளிரும். மின்னுவதையெல்லாம் உடனே கையால் எடுக்கக் கூடாது.