பழைய கடல் இஞ்சினும் துருவும்

கடற்கரைக் கிராமங்களில் பழைய டீசல் இஞ்சின் ஒன்று விலைக்கு வரும்போது, அதைக் குறித்து இருவகைத் தவறுகள் நேர்வதுண்டு. மேலே செதில் செதிலாகத் துரு ஏறியிருப்பதைக் கண்டு, நல்ல பிளாக்கைப் பழைய இரும்பு விலைக்கு எடைபோட்டு விற்றுவிடுவது ஒன்று. புதிய பெயிண்டின் பளபளப்பை நம்பி, உள்ளே அரித்துப்போன பிளாக்கைக் கடன்பட்டு வாங்குவது மற்றொன்று. முன்னதில் பணம் மட்டுமே நஷ்டம். பின்னதில், கரை தெரியாத இடத்தில் இஞ்சின் நின்றுபோய்ப் படகிலுள்ளோர் உயிருக்கே அபாயம் நேரலாம். ஆகையால் துருவைப் போக்கும் வழியைத் தேடுமுன், எந்தத் துரு கேடு செய்வது என்பதை அறிந்துகொள்வது அவசியம்.

பிளாக் வார்ப்பிரும்பினால் ஆனது. இரும்பு துருவாக மாறும்போது முன்னிருந்ததைவிடப் பன்மடங்கு பருமன் கொள்ளும். ஆதலால் சிறிதளவு இரும்பு போயிருந்தாலும், பார்வைக்குத் துரு மிகுதியாகவே தோன்றும். கம்பித் தூரிகையால் நன்றாகத் தேய்த்துப் பார்த்தால், பெரும்பாலும் அதனடியில் கெட்டியான இரும்பைக் காணலாம். வெளித்துருவைக் கண்டு மட்டும் அஞ்ச வேண்டியதில்லை.

அஞ்சத்தக்கது உள்ளே இருக்கிறது. சிலிண்டர்களைச் சுற்றி, அவற்றைக் குளிர்விக்க ஜலம் ஓடும் அறைகள் உண்டு. மெக்கானிக்குகள் இவற்றை ஜாக்கெட் என்பர். சில இஞ்சின்களில் கடல் ஜலமே நேராக இவ்வறைகளில் ஓடுகிறது. கடல் ஜலத்தில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருத்தலால், அது மின்சாரத்தை நன்கு கடத்தும். இரும்பும் பித்தளையும் ஒன்றையொன்று தொட்டவாறு அந்த ஜலத்தில் நனைந்திருந்தால், பாட்டரியில் நிகழ்வதுபோன்ற செயல் நிகழ்ந்து, இரும்பு சிறிது சிறிதாகக் கரைகிறது.

இதில் ஒரு வஞ்சகமும் உண்டு. வார்ப்பிரும்பில், பென்சில் முனையிலுள்ள கிராபைட் என்னும் கரி மெல்லிய இதழ்களாகக் கலந்திருக்கிறது. இரும்பு கரைந்துபோனாலும் இக்கரியும் துருவும் சேர்ந்து பழைய வடிவத்தை அப்படியே தாங்கி நிற்கும். கண்ணுக்குச் சுவர் முழுமையாகத் தெரியும். கத்திமுனையால் கீறினாலோ கறுப்புப் பொடியாக உதிரும். எனவே பிளாக்கின் பக்கங்களில் அறைந்து வைத்துள்ள தகட்டு மூடிகளைக் கழற்றி, கையெட்டும் இடமெல்லாம் கூரிய கருவியால் சுரண்டிப் பார்க்க வேண்டும். பிறகு நல்ல பட்டறையில் ஜாக்கெட்டை அடைத்து, உள்ளே அழுத்தம் ஏற்றிக் கசிவு உண்டா என்று சோதிக்கச் செய்ய வேண்டும். இச்சோதனைக்கு இசையாத விற்பனைக்காரரிடம் வாங்காதிருப்பதே நலம். சுவர் மெலிந்து கசியும் பிளாக்கை ஒட்டுப்போட்டுக் கடலுக்கு அனுப்புவதை நாம் ஒருபோதும் ஆதரியோம்.

சோதனையில் தேறிய பிளாக்கைச் சுத்தம் செய்வதற்கு மலிவான முறை ஒன்றுண்டு. அலுமினியப் பாகங்களை முதலில் நீக்கிவிட வேண்டும். சோடா அவற்றை அரித்துவிடும். பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் 20 லிட்டர் ஜலத்துக்குச் சுமார் 100 கிராம் வீதம் சலவைச் சோடாவைக் கரைத்து, அதில் பிளாக்கை அமிழ்த்தி, 12 வோல்ட் பாட்டரி சார்ஜரின் எதிர்முனையை அதில் இணைக்க வேண்டும். நேர்முனையைத் தொட்டியில் தனியே தொங்கும் பழைய இரும்புத் தகட்டில் இணைக்க வேண்டும். முனைகள் மாறினால் பிளாக்கே கரையும்! எவர்சில்வர் தகட்டைத் தொங்கவிடலாகாது. அதிலிருந்து குரோமிய விஷம் ஜலத்தில் கலக்கும். தீப்பற்றும் வாயு கிளம்புவதால், திறந்த வெளியில், நெருப்புக்கு அப்பால் செய்ய வேண்டும். இம்முறை தகட்டுக்கு எதிரே உள்ள பரப்பைத்தான் நன்கு சுத்தம் செய்யும். ஜாக்கெட்டின் உள்மூலைகளுக்கு எட்டாது. அங்கே கம்பியும் பொறுமையுமே துணை.

விரைவை விரும்பிச் சிலர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றுகின்றனர். துரு உடனே போவது மெய்யே. ஆனால் குழிகளில் தங்கும் குளோரைடு, மறுபடியும் துருவை வரவழைக்கும்.

உப்பை வெளியேற்றாமல் பூசும் பெயிண்ட் வீண். நல்ல ஜலத்தை நிரப்பி, ஒருநாள் வைத்து, வடித்துவிட்டு மீண்டும் நிரப்ப வேண்டும். எப்போது நிறுத்துவது? சோடா முற்றிலும் நீங்கியபின், ஊற்றிய ஜலத்தையும் வடித்த ஜலத்தையும் இரண்டு குப்பிகளில் எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு துளி சில்வர் நைட்ரேட் விட்டுப் பார்க்கலாம். உப்பு இருந்தால் வெண்மையாகக் கலங்கும். கடற்கரைக் கிணற்று ஜலத்திலும் உப்பு உண்டாகையால், இரண்டு கலங்கலும் ஒத்திருக்கும் வரை கழுவ வேண்டும். கடைசிக் கழுவலுக்கு மழை ஜலம் சிறந்தது.

2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலையில் நேர்ந்ததுபோல் இஞ்சின் முழுவதும் கடல் ஜலத்தில் மூழ்கிவிட்டால், காலமே முக்கியம். வெளியே எடுத்து வெயிலில் காயவைப்பது பெருந்தவறு. உப்பும் காற்றும் ஈரமும் கூடிச் சில மணி நேரத்திலேயே துரு தொடங்கிவிடும். உடனே பிரிக்க ஆள் கிடைக்காவிட்டால், நல்ல ஜலத்தில் மூழ்கவைத்திருப்பதே மேல்.

சுத்தமான வெளிப்பரப்பில் எஞ்சிய மெல்லிய துருவின்மீது டானின் கலந்த பூச்சைத் தடவினால், அது கறுத்து, பெயிண்டுக்கு அடித்தளமாகும். கடுக்காயையும் இரும்பையும் சேர்த்துக் கறுப்பு மை செய்த நம் முன்னோர்க்கு இச்செயல் புதிதன்று.

உள்ளே பாதுகாப்புக்குத் துத்தநாகம் உண்டு. இங்கிலாந்தில் ஹம்ப்ரி டேவி என்னும் விஞ்ஞானி, கப்பலின் அடியில் பொருத்திய செம்புத் தகட்டில் துத்தநாகமோ இரும்போ சேர்த்தால் செம்பு அரிபடாது என்று 1824-ல் காட்டினார். இஞ்சினில் திருகிவைக்கும் துத்தநாகத் துண்டும் அவ்வாறே தான் கரைந்து இரும்பைக் காக்கிறது. அதன்மீது பெயிண்ட் அடிக்கக் கூடாது. அடித்தால் வேலை செய்யாது. அவ்வப்போது கழற்றிப் பார்த்து, பாதி கரைந்தவுடன் புதியதை மாற்றிவிட வேண்டும்.