கேஸ் நம்பர் தெரியுமா?

நகல் பிரிவு ஜன்னல் முன்னால் நின்ற அந்த அம்மாவின் கையில் ஒரு ஜவுளிக்கடைப் பை. அதற்குள் எஃப்.ஐ.ஆர். நகல், ஆஸ்பத்திரிச் சீட்டு, மகனின் சாதிச் சான்றிதழ், மடித்து மடித்து ஓரம் கிழிந்த ஒரு சம்மன்.

"சார், எங்க கேஸு தீர்ப்பு நகல் வேணும்."

"கேஸ் நம்பர் சொல்லுங்கம்மா."

"இதுல இருக்கு சார்" என்று எஃப்.ஐ.ஆரை நீட்டினார்.

"இது ஸ்டேஷன் நம்பர். கோர்ட் நம்பர் வேணும். உங்க வக்கீல் யாரு?"

"கவர்மென்ட் வக்கீல்தான் சார்."

"அப்ப அவரக் கேட்டுட்டு வாங்க."

அவ்வளவுதான். அடுத்த ஆள் ஜன்னலுக்கு வந்துவிட்டார். ஊழியர் கோபமாகவும் பேசவில்லை, தவறாகவும் சொல்லவில்லை. எண் இல்லாமல் அவரால் கட்டைத் தேடி எடுக்க முடியாது. ஆனால் அந்த எண்ணை அந்த அம்மாவுக்கு இதுவரை யாரும் சொன்னதில்லை.

சேரிப் பிணம் பொதுத்தெரு வழியாகப் போகக்கூடாது என்று தடுத்த தகராறில் அவருடைய மகனின் கை உடைந்தது. புகார் கொடுத்தவர் இவர். கூண்டில் ஏறி முதல் சாட்சியாகச் சொன்னவரும் இவர். அதன் பிறகு வாய்தா என்றைக்கு, வாதம் என்றைக்கு என்று எந்தத் தகவலும் வரவில்லை. குற்றம் சாட்டப்பட்ட அத்தனை பேரும் விடுதலை என்ற செய்தி டீக்கடைப் பேச்சாகத்தான் வந்து சேர்ந்தது. அவர் நகல் பிரிவுக்கு வந்த அன்று, தீர்ப்பு வந்து 71 நாள் ஆகியிருந்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 14ஏ பிரிவின்படி உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 90 நாள். மேல்முறையீட்டுக்குச் சான்றிட்ட தீர்ப்பு நகல் வேண்டும். நகலுக்குக் கேஸ் நம்பர் வேண்டும்.

இந்தச் சிக்கல் இவர் ஒருவருக்கு மட்டும் உரியதல்ல. நம் மாவட்டத்து வழக்குகளில் பாதிக்கப்பட்டவர்களிடம் பேசும்போதெல்லாம் இதே இடத்தில்தான் பேச்சு முட்டிக்கொள்கிறது. காவல் நிலையம் போடுவது குற்ற எண். குற்றப்பத்திரிகை நீதிமன்றத்துக்குப் போய்க் கோப்பில் எடுக்கப்பட்ட பிறகு நீதிமன்றம் போடுவது வழக்கு எண். இரண்டும் வேறு வேறு. வன்கொடுமை வழக்குகளுக்குப் பெரும்பாலும் 'ஸ்பெஷல் எஸ்.சி.' என்று தொடங்கும் எண் இருக்கும். அந்த எஸ்.சி.யைப் பார்த்து "நம்ம சாதியைத்தான் எழுதியிருக்காங்க" என்று நினைப்பவர்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அது செஷன்ஸ் கேஸ், அதாவது அமர்வு வழக்கு என்பதன் சுருக்கம். கொலைக் குற்றவாளி எந்தச் சாதியானாலும் அவர் வழக்கும் எஸ்.சி.தான்.

குற்ற எண்ணை வைத்து வழக்கு எண்ணைக் கண்டுபிடிக்க வக்கீல் தேவையில்லை. கைப்பேசி போதும். இ-கோர்ட்ஸ் என்ற அரசுச் செயலியிலும் இணையதளத்திலும் மாநிலம், மாவட்டம், நீதிமன்ற வளாகம் ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்தால், எஃப்.ஐ.ஆர். எண்ணை வைத்துத் தேடும் வசதி வரும். காவல் நிலையத்தின் பெயர், குற்ற எண், ஆண்டு மூன்றையும் கொடுத்தால் வழக்கு எண், அடுத்த வாய்தா தேதி, இதுவரை நடந்த வாய்தாக்கள், வழக்கு முடிந்துவிட்டதா என்பது வரை தெரியும். கட்சிக்காரர் பெயரை வைத்தும் தேடலாம். ஆனால் நம் பெயர்கள் ஆங்கிலத்தில் எப்படி எழுதப்பட்டிருக்கும் என்று யாருக்குத் தெரியும்? எஃப்.ஐ.ஆர். எண்தான் நம்பகமானது. வழக்கு கிடைத்ததும் அங்கே காட்டும் 16 எழுத்தும் எண்ணுமான சி.என்.ஆர். எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை அதை மட்டும் தட்டினால் போதும். கைப்பேசி பழக்கமில்லாதவர்களுக்காகப் பல நீதிமன்ற வளாகங்களில் இ-சேவை மையம் திறந்திருக்கிறார்கள். அந்த அம்மாவுக்கு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து தேடியதில் ஐந்து நிமிடத்தில் எண் கிடைத்தது. 71 நாளாகத் தெரியாமல் இருந்த எண்.

எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு மறுபடி அதே ஜன்னல். இப்போது ஊழியர் மனுப் படிவத்தைக் கொடுத்தார். வழக்கு எண், நீதிமன்றத்தின் பெயர், எந்தத் தேதியிட்ட எந்த ஆவணம், கேட்பவர் வழக்கில் யார் என்பதை எழுதி, நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிக் கொடுக்க வேண்டும். அவர்கள் நகல் மனு எண் ஒன்று தருவார்கள். எத்தனை பக்கம் என்று கணக்குப் பார்த்த பிறகு, எவ்வளவு கட்ட வேண்டும் என்பதை அறிவிப்புப் பலகையில் போடுவார்கள். இங்கேதான் நம் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள். அந்த அறிவிப்பைத் தபாலில் அனுப்ப மாட்டார்கள், போன் பண்ணவும் மாட்டார்கள். குறித்த நாளுக்குள் கட்டாவிட்டால் மனு தள்ளுபடி, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். கிராமத்திலிருந்து தினமும் வந்து பலகையைப் பார்க்க முடியாதவர்கள், அங்கேயே இருக்கும் வக்கீல் குமாஸ்தா யாரிடமாவது சொல்லி வைப்பது நல்லது.

வாங்கிய நகலின் கடைசிப் பக்கத்து முத்திரையைப் பாருங்கள். மனுக் கொடுத்த தேதி, கட்டணம் கேட்ட தேதி, கட்டிய தேதி, நகல் தயாரான தேதி எல்லாம் அதில் இருக்கும். இது வெறும் அலுவலகச் சடங்கு இல்லை. 1963-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு, நகல் வாங்கத் தேவைப்பட்ட நாட்களை மேல்முறையீட்டுக் கெடுவிலிருந்து கழித்துவிடச் சொல்கிறது. நகல் தயாராகப் பதினோரு நாள் ஆனால் 90-க்கு மேல் அந்தப் பதினோரு நாள் சேரும். கட்டணத்தை நாம் தாமதமாகக் கட்டிய நாட்களுக்கு அந்தச் சலுகையை எதிர்பார்க்க முடியாது.

தீர்ப்பைத் தவிர வேறு என்னென்ன வாங்கலாம்? எஃப்.ஐ.ஆர். நகல் புகார் கொடுத்தவருக்கு இலவசம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவும் அதைச் சொல்கிறது. குற்றப்பத்திரிகையைப் பொறுத்தவரை, அது எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் போட வேண்டிய பொது ஆவணமல்ல என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் சொல்லிவிட்டது. ஆனால் 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 230-ஆவது பிரிவு, குற்றம் சாட்டப்பட்டவருக்குக் கொடுக்கும் அதே தாள்களைப் பாதிக்கப்பட்டவருக்கும் இலவசமாகக் கொடுக்கச் சொல்கிறது. ஒரு நிபந்தனை: பாதிக்கப்பட்டவருக்கு வக்கீல் இருக்க வேண்டும். அரசு வழக்கறிஞர் இருக்கிறாரே என்று சும்மா இருந்துவிடக் கூடாது. அவர் அரசின் வக்கீல், உங்கள் வக்கீல் அல்ல.

வக்கீலுக்குப் பணம் எங்கே போவது என்ற கேள்விக்கு 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பே இல்லாமல் இலவச வக்கீல் உண்டு. சாதிச் சான்றிதழோடு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போக வேண்டும். 15100 என்ற எண்ணுக்கும் பேசலாம்.

சாட்சிகளின் வாக்குமூலங்கள், இடையில் பிறப்பித்த உத்தரவுகள் ஆகியவற்றின் நகலைத் தீர்ப்பால் பாதிக்கப்பட்டவர் கட்டணம் கட்டிப் பெறலாம் என்கிறது அதே சன்ஹிதாவின் 404-ஆவது பிரிவு. தகுந்த காரணம் இருந்தால் இலவசமாகவும் கொடுக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு, அதை மனுவிலேயே கேளுங்கள். இதே பிரிவில் எனக்கு உறுத்தும் ஒன்று இருக்கிறது. சிறைத் தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பு நகலை உடனே இலவசமாகக் கொடுத்தாக வேண்டும். நியாயம்தான், அவர் மேல்முறையீடு செய்ய வேண்டும். கை உடைந்தவனின் தாய் மட்டும் மனுப் போட்டு, பலகையைப் பார்த்து, காசு கட்டி வாங்க வேண்டும். தீர்ப்பை இயன்றவரை ஏழு நாளுக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று புதிய சட்டம் சொல்வது ஓரளவு ஆறுதல். படித்துப் பார்க்க அது போதும். மேல்முறையீட்டுக்குச் சான்றிட்ட நகல்தான் வேண்டும்.

வழக்கில் நேரடியாகச் சம்பந்தப்படாத ஊர்க்காரர், இயக்கத்தவர், ஆய்வு செய்யும் மாணவர் ஆகியோருக்கும் கதவு அடைக்கப்படவில்லை. எதற்காகக் கேட்கிறோம் என்ற காரணத்தைச் சொல்லி, பிரமாணப் பத்திரத்தோடு மனுச் செய்ய வேண்டும். நீதிபதி அனுமதித்தால் கிடைக்கும். இதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுவிடலாம் என்று பத்து ரூபாய் வில்லை ஒட்டி அனுப்பிவிட்டுக் காத்திருப்பவர்கள் நம்மிடையே அதிகம். வழக்கு ஆவணங்களை நீதிமன்ற விதிகளின்படிதான் கேட்க வேண்டும், தகவல் உரிமை மனுவில் அல்ல என்று 2020 மார்ச் மாதம் குஜராத் உயர் நீதிமன்றம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. முப்பது நாள் காத்திருந்து மறுப்புக் கடிதம் வாங்குவதைவிட முதல் நாளே நகல் பிரிவுக்குப் போவது மேல். பாலியல் வன்கொடுமை வழக்குகளில் மட்டும் கவனம் தேவை. கையில் கிடைத்த தாளில் பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயர் இருந்து, அதை வாட்ஸ்அப்பில் பரப்பினால், பரப்பியவர்மீதே வழக்கு வரும்.

தாள் எதற்கு, தீர்ப்பு வந்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. வன்கொடுமை வழக்கில் அரசு தரும் நிவாரணத் தொகை ஒரே தவணையில் வருவதில்லை. பல குற்றங்களில் எஃப்.ஐ.ஆர். பதிவானதும் 25 சதவீதம், குற்றப்பத்திரிகை நீதிமன்றத்துக்குப் போனதும் 50 சதவீதம், கீழ் நீதிமன்றத்தில் தண்டனை கிடைத்தால் மீதி. "சார்ஜ்ஷீட் போட்டாச்சா தெரியலையே" என்று அலுவலகத்தில் கைவிரித்தால், வழக்கு எண்ணோடு இ-கோர்ட்ஸ் பக்கத்தை அச்செடுத்து மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலரிடம் கொடுக்கலாம். ஜாமீன் விஷயமும் அப்படித்தான். ஜாமீன் மனு விசாரணைக்கு வருவதைப் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிப்பதும், அவர் சொல்வதைக் கேட்பதும் கட்டாயம் என்று 2021 அக்டோபரில் ராஜஸ்தான் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் சொல்லி, அப்படிச் செய்யாமல் கொடுத்த ஜாமீனை ரத்து செய்தது. தெரிவிக்கவில்லை என்பதை நிரூபிக்க உத்தரவின் நகல் வேண்டும்.

கீழவெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் எரிக்கப்பட்டார்கள். 1970-இல் கீழ் நீதிமன்றம் கொடுத்த தண்டனையை 1973-இல் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. வசதி படைத்த மிராசுதாரர்கள் தாங்களே நேரில் போய்த் தீ வைத்திருப்பார்கள் என்பது நம்பும்படி இல்லை என்ற பொருளில் அந்தத் தீர்ப்பில் இருந்த வாதத்தை இன்றுவரை நாம் கேள்வி கேட்க முடிகிறதென்றால், அந்தத் தாள் படிக்கக் கிடைப்பதால்தான். எல்லாத் தாளும் அப்படி நிலைப்பதில்லை. முடிந்த வழக்குகளின் கட்டுகளைக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்குப் பிறகு அழித்துவிடச் சட்டமே இருக்கிறது, 1917-ஆம் ஆண்டிலிருந்து. உங்கள் ஊர் வழக்கு முடிந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தால் வாக்குமூலங்களின் நகலை இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த அம்மாவுக்குப் பதினோராம் நாள் நகல் கிடைத்தது. தீர்ப்பு ஆங்கிலத்தில் இருந்தது. சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் ஒரு இளம் வக்கீல் பக்கம் பக்கமாகப் புரட்டித் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தவர், ஓரிடத்தில் நிறுத்தினார். பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்பதை நிரூபிக்கும் சாதிச் சான்றிதழை அரசுத் தரப்பு தாக்கல் செய்யவில்லை என்று எழுதியிருந்தது.

"சர்டிபிகேட்டா? ஸ்டேஷன்ல ஜெராக்ஸ் கொடுத்தனே தம்பி" என்றார் அம்மா. பையைத் திறந்து அசலை எடுத்து மேசைமேல் வைத்தார்.

வக்கீல் அதை வாங்கித் தீர்ப்பின்மேல் வைத்துவிட்டு, விசாரணை அதிகாரியின் வாக்குமூல நகலும் வேண்டும் என்றார். அன்று மதியமே இன்னொரு நகல் மனு போடப்பட்டது. இந்த முறை கேஸ் நம்பரை அம்மாவே சொன்னார்.