மோட்டார் எண்ணெயும் தர முத்திரையும்

மும்பையிலோ நாகபுரியிலோ லாரி ஓட்டி வாழும் நம்மவர்க்கு எஞ்சினே மூலதனம். அதன் ஆயுளைக் காப்பது எண்ணெய். ஆனால், நல்ல எண்ணெயையும் மட்டமான எண்ணெயையும் நிறத்தாலோ, விரலால் தடவியோ பிரித்தறிய இயலாது. டப்பாவின்மேல் உள்ள எண்களையும் எழுத்துகளையும் நம்பியே வாங்குகிறோம். அவற்றின் பொருள் யாது என்பதைச் சற்று ஆராய்வோம்.

முதலாவது, எண்ணெயின் பிசுக்கு. இதனைக் குறிக்கும் எஸ்.ஏ.இ. எண்கள், அமெரிக்க மோட்டார்ப் பொறியாளர் சங்கம் 1911இல் வெளியிட்ட அளவுத் திட்டத்தின் வழிவந்தவை. 15டபிள்யூ-40 என்பதை எடுத்துக்கொள்வோம். 100 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில், மெல்லிய கண்ணாடிக் குழாயின் வழியே எண்ணெய் இறங்க எத்தனை விநாடி ஆகிறதென்று கணக்கிட்டு, 40 என்ற தரத்தை முடிவு செய்கின்றனர். 'டபிள்யூ' குளிர்காலத்தைக் குறிப்பது. உறைநிலைக்கு 20 டிகிரி கீழே எஞ்சின் சுழல்வதை எண்ணெய் எவ்வளவு தடுக்கிறதென்று பார்த்தே 15 என்ற எண் தரப்படுகிறது. ஆகவே, பனிமலைச் சாலையில் முன் எண்ணும், நாகபுரி வெயிலில் பின் எண்ணும் கவனிக்கத்தக்கவை.

இரண்டாவது, எண்ணெயின் உழைப்பு. ஏ.பி.ஐ. எனப்படும் அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் பிரிவுகளில், 'எஸ்' என்று தொடங்குவன பெட்ரோல் எஞ்சினுக்கும், 'சி' என்று தொடங்குவன டீசல் எஞ்சினுக்கும் உரியன. இவற்றைப் பெறக் குழாய்ச் சோதனை மட்டும் போதாது. உண்மையான எஞ்சினையே மேடையில் பொருத்திப் பல மணி நேரம் ஓட்டி, பின்பு அதனைப் பிரித்துத் தேய்மானத்தையும் கசடையும் பிஸ்டனில் படிந்த கரியையும் அளக்கின்றனர். உரிமம் அளித்த பின்னரும், கடைகளில் மாதிரி வாங்கிச் சோதிப்பது அக்கழகத்தின் வழக்கம்.

நம் நாட்டில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் எஞ்சின் எண்ணெய்க்கு ஐ.எஸ். 13656 என்ற தர அளவை வகுத்துள்ளது. 1955 முதல் வழங்கிவரும் ஐ.எஸ்.ஐ. முத்திரை டப்பாவில் இருப்பின், அதன் கீழுள்ள உரிம எண்ணை அமைவனத்தின் கைபேசிச் செயலியில் இட்டுச் சரிபார்க்கலாம்.

நாம் குடியேறிய மாநிலத்தின் எழுத்து நமக்குப் புரியாமற்போகலாம். இந்த அடையாளங்களோ எங்கும் ஒன்றே. எனினும், பழைய டப்பாவில் கழிவெண்ணெயை நிரப்பி விற்பாரை முத்திரை தடுக்காது. எனவே, மூடியின் சீல் உடையாதிருப்பதைக் கண்டு வாங்குவோம். காலி டப்பாவைத் துளையிட்டே எறிவோம். அது நம் எஞ்சினை மட்டுமன்றி, மற்றொருவர் பிழைப்பையும் காக்கும்.