காகிதம் நறுக்கும் பொறி

காஞ்சிபுரத்தில் மாலை வேளையில் சுண்டலோ வேர்க்கடலையோ வாங்கித் தின்றிருப்பீர்கள். தின்று முடித்தபின் பொட்டலத் தாளைப் பிரித்துப் படித்ததுண்டா? அது யாரோ ஒரு மாணவருடைய விடைத்தாளாக இருக்கலாம். ஒருவருடைய ஆதார் அட்டையின் நகலாகவும் இருக்கலாம். பழைய பேப்பர் கடைக்குப் போன தாள் பிறகு யார் கையில் சேரும் என்று நமக்குத் தெரியாது. பெயர், முகவரி, வங்கிக் கணக்கு எண், கையொப்பம் எல்லாம் ஒரே தாளில் கிடைத்தால் ஏமாற்றுக்காரனுக்குப் பாதி வேலை முடிந்தது.

இத்தகைய தாள்களை அழிப்பதற்கென்றே இருப்பதுதான் காகித நறுக்கி. கடையில் ‘ஷ்ரெட்டர்’ என்று கேட்க வேண்டும். முன்பு பெரிய அலுவலகங்களில் மட்டும் இருந்த இப்பொறி, இன்று சில ஆயிரம் ரூபாய் விலையில் வீட்டுக்கும் வந்துவிட்டது. எதை வாங்குவது, எப்படிப் பயன்படுத்துவது? சிறிது இயற்பியல் தெரிந்தால் நீங்களே முடிவு செய்யலாம்.

பொறியின் உள்ளே

1909ஆம் ஆண்டு அமெரிக்காவில் அபட் அகஸ்டஸ் லோ என்பவர் இத்தகைய பொறிக்குக் காப்புரிமை பெற்றார். 1935இல் ஜெர்மனியில் அடால்ஃப் ஏஹிங்கர் அதைச் செய்தே காட்டினார். மாவை நீள நீளமாக நறுக்கும் சமையலறைக் கைப்பொறியைப் பார்த்து அவருக்கு இந்த யோசனை வந்ததாகச் சொல்வார்கள்.

இணையான இரண்டு தண்டுகள். ஒவ்வொன்றிலும் வரிசையாக வட்டத் தகடுகள். ஒரு தண்டின் தகடுகள் மற்றதன் இடைவெளிகளில் நுழைந்து, எதிரெதிர்த் திசையில் சுழல்கின்றன. நடுவில் அகப்பட்ட தாளின் அடுத்தடுத்த பகுதிகளில் ஒன்று மேலும் மற்றது கீழுமாகத் தள்ளப்படுவதால் அது வெட்டுண்டு பிரிகிறது. கத்தரிக்கோல் செய்வதும் இதே வேலைதான்.

நீள்வெட்டு போதுமா?

மலிவான பொறிகள் சில, தாளை நீண்ட நாடாக்களாக மட்டுமே வெட்டும். இது நீள்வெட்டு. வேறு சில அந்த நாடாக்களைக் குறுக்கேயும் துண்டாக்கும். இது குறுக்குவெட்டு. இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதைத் தெஹ்ரான் நகரில் நடந்தது காட்டுகிறது.

1979 நவம்பர் 4ஆம் நாள் அங்கிருந்த அமெரிக்கத் தூதரகம் கைப்பற்றப்பட்டது. அதற்குள் ஊழியர்கள் பல இரகசியத் தாள்களை நாடாக்களாக நறுக்கியிருந்தார்கள். ஈரானியர் கம்பள நெசவாளர்களைக் கொண்டு அந்த நாடாக்களைப் பொறுமையாக ஒன்று சேர்த்து, பல தொகுதிகளாக அச்சிட்டு வெளியிட்டார்கள்!

காஞ்சிபுரத்து மாணவர்களுக்கு இது வியப்பாக இராது. பழைய பாவின் ஒவ்வோர் இழையோடும் புதிய பாவின் இழையை ஒன்றுகூட விடாமல் முறுக்கிச் சேர்க்கும் கைகளைத் தறி வீடுகளில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். நீள்வெட்டு நாடாக்கள் பாவு இழைகளைப் போன்றவை. முழு நீளமும் கெடாமல் இருப்பதால், பக்கத்து நாடா எது என்று தேடினாலே போதும். ஊடையின் திசையிலும் வெட்டிவிட்டால் அந்த ஒழுங்கு குலைந்துவிடும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏ4 தாளின் அளவு 210 மி.மீ. × 297 மி.மீ. அதை 6 மி.மீ. அகல நாடாக்களாக வெட்டினால் கிடைப்பவை 35. 4 மி.மீ. × 40 மி.மீ. துண்டுகளாக வெட்டினால் ஏறக்குறைய 390. டி.ஐ.என். 66399 என்ற தரப்படி ‘பி-4’ என்று குறித்த பொறியின் துண்டு 160 சதுர மி.மீ.க்கு மேல் இருக்கக்கூடாது. நம் வீட்டுக்கு இது போதும். இது முழுப் பாதுகாப்பா? 2011இல் அமெரிக்கப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான டார்ப்பா நடத்திய போட்டியில், மிகச் சிறு துண்டுகளாக நறுக்கிய தாள்களையும் கணிப்பொறியின் உதவியோடு ஒரு குழு சேர்த்துவிட்டது. ஆயினும் சுண்டல் பொட்டலத்துக்காக யாரும் அவ்வளவு பாடுபட மாட்டார்கள்.

தாளை எப்படி நுழைப்பது?

எழுத்து வரிகள் பொறியின் வாய்க்கு இணையாக இருக்குமாறு தாளை நுழைக்க வேண்டும். அப்போதுதான் ஒவ்வொரு வரியும் பல துண்டுகளாகச் சிதறும். சிறு ரசீதைத் திருப்பிப் போட்டு நுழைத்தால் வரிகள் வெட்டின் திசையிலேயே போகும், 40 மி.மீ. நீளத் துண்டு ஒன்றிலேயே ஓர் எண் முழுவதும் தப்பிவிடலாம்.

6 தாள் கொள்ளும் பொறிக்கு 4 அல்லது 5 தாள் கொடுங்கள். மூன்றாக மடித்த கடிதம் 3 தாளுக்குச் சமம். தாள் கூடினால் மின்னோடி அதிகத் திருப்புவிசை தர வேண்டும், மின்னோட்டமும் கூடும். மின்னோட்டம் இரு மடங்கானால் கம்பிச்சுருளில் தோன்றும் வெப்பம் நான்கு மடங்காகும் அல்லவா? சிறு பொறிகள் சில நிமிடம் ஓடியதும் அரைமணி ஓய்வு கேட்பது இதனால்தான். வாங்கும்போது தாள் எண்ணிக்கையோடு ஓடும் நேரம், ஓய்வு நேரம் இரண்டையும் கேளுங்கள். பின்னோக்கிச் சுழற்றும் விசை உண்டா என்றும் பாருங்கள். தாள் சிக்கினால் அதுவே உதவும்.

தகடுகளுக்குத் தாவர எண்ணெய் சில துளி போதும். தாள் ஒன்றில் தடவி உள்ளே விடலாம். பீய்ச்சும் டப்பா எண்ணெய் கூடவே கூடாது. அதன் வாயு, மின்னோடியின் தீப்பொறியால் பற்றிக்கொள்ளக்கூடும். சடை, தாவணி, துப்பட்டா, பட்டு நூல் எதுவும் பொறியின் வாயருகே வரக்கூடாது. தம்பி தங்கையரை அருகில் விடாதீர்கள். வேலை முடிந்ததும் மின் இணைப்பைப் பிடுங்கிவிடுங்கள்.

எல்லாவற்றையும் நறுக்கலாமா?

வேண்டாம். நறுக்கும்போது காகிதத்தின் இழைகள் குட்டையாகிவிடுகின்றன. மறுபடி காகிதம் செய்ய அவை அவ்வளவு உதவா. செய்தித்தாளையும் பழைய நோட்டையும் முழுதாகவே கடைக்குப் போடுங்கள். நறுக்கிய துண்டுகளை நீரில் ஊறவைத்தால், இழைகளைப் பிணைத்திருந்த ஹைட்ரஜன் பிணைப்புகள் தளர்ந்து கூழாகும். காஞ்சிபுரம் பொம்மைக்காரத் தெருவின் காகிதக்கூழ் பொம்மைகளை நினைத்துக்கொள்ளுங்கள்! பொறி வாங்க வசதியில்லாத வீட்டிலும் கத்தரிக்கோலும் ஒரு வாளித் தண்ணீரும் இதே வேலையைச் செய்யும்.

நீங்களே செய்து பாருங்கள்

அச்சிட்ட பயனற்ற தாள்கள் மூன்று எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தாளை வரிகளின் திசையிலும், இரண்டாவதை வரிகளுக்குக் குறுக்கேயும் 6 மி.மீ. நாடாக்களாக வெட்டுங்கள். மூன்றாவதை இரண்டாவதைப் போலவே வெட்டி, நாடாக்களை 40 மி.மீ. துண்டுகளாகவும் ஆக்குங்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியே கலைத்து நண்பரிடம் கொடுத்து, ஒரு வாக்கியத்தைப் படிக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறியுங்கள். எந்தப் பொறியை வாங்க வேண்டும் என்பதை அந்த மூன்று எண்களே உங்கள் அப்பாவுக்குச் சொல்லிவிடும்.