கூடாரம் அடிப்பவர் யார்?

கோடை விடுமுறை நெருங்கிவிட்டால் செய்தித்தாள்களில் ஒரு புதுவகை விளம்பரம் தலைகாட்டும். மலைச்சரிவில் ஒரு வெள்ளைக் கூடாரம்; உள்ளே கட்டில், மெத்தை, மின்விளக்கு; ஒட்டினாற்போல் குளியலறை. ஆங்கிலத்தில் இதற்குக் 'கிளாம்பிங்' என்று பெயர். கவர்ச்சி எனப் பொருள்படும் 'கிளாமர்' என்ற சொல்லையும் 'கேம்பிங்' என்ற சொல்லையும் ஒட்டுப்போட்டு உண்டாக்கிய சொல் இது. ஆக்ஸ்போர்டு அகராதியில் 2016-ஆம் ஆண்டில்தான் இடம் பெற்றதாம். தமிழில் நாங்கள் 'சொகுசுக் கூடாரம்' என்று சொல்லிக்கொள்கிறோம்.

சொல் புதிது. பொருளோ மிகப் பழையது. பத்துப்பாட்டில் மிகச் சிறியது முல்லைப்பாட்டு. 103 அடிகளே உடையது. போர்மேற் சென்ற அரசன் காட்டில் பாசறை அமைத்துத் தங்கும் காட்சி அதில் வருகிறது. காட்டுச் செடிகளை வெட்டி அகற்றி, முள்வேலி இட்டு, தழை வேய்ந்த குடில்களைத் தெருத்தெருவாக அமைக்கிறார்கள். அவை வீரர்களுக்கு. நடுவே திரைகளால் பிரித்த அறைகளுடன் அரசனுக்கெனத் தனி இருக்கை. யவனர் காவல் நிற்கின்றனர். நாழிகை வட்டிலைப் பார்த்து நேரம் சொல்ல ஆட்கள் இருக்கின்றனர். இடையில் வாளைக் கட்டிய மங்கையர், விளக்கு அணைய அணைய ஏற்றுகிறார்கள். (தோழியரே, வாளைக் கவனித்தீர்களா?) ஆக, இக்காலத்து இருவகைக் கூடாரமும் அந்த ஒரே பாசறையில் இருந்திருக்கின்றன. வேடிக்கை என்னவென்றால், இத்தனை வசதிக்கும் நடுவில் அரசனுக்குத்தான் உறக்கம் வரவில்லை. புண்பட்ட யானைகளையும் மாண்ட வீரர்களையும் நினைத்து விழித்தே இருக்கிறான்.

முகலாயப் பேரரசர்கள் இரண்டு கூடாரத் தொகுதிகள் வைத்திருந்தார்கள். ஒன்றில் தங்கியிருக்கும்போதே மற்றொன்று அடுத்த ஊருக்கு முன்கூட்டிப் போய்விடும். திப்பு சுல்தானின் பூ அச்சிட்ட பருத்திக் கூடாரம் 1799-க்குப் பின் கிளைவ் குடும்பத்தார் கைக்குப் போய், இன்று வேல்ஸ் நாட்டில் பவிஸ் கோட்டையில் இருக்கிறது.

இனி, எங்களைப் போன்ற சாரணியர் அறிந்த கூடாரத்திற்கு வருவோம். பேடன் பவல் 1907 ஆகஸ்டில் பிரவுன்சீ தீவில் ஏறத்தாழ இருபது சிறுவர்களைக் கூட்டி முதல் பாசறை நடத்தினார். பணக்காரப் பள்ளிப் பிள்ளைகளையும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளையும் ஒரே அணியில் கலந்துவிட்டார். பெண்களுக்கான சாரணியர் இயக்கம் 1910-இல் எழுந்தது. மறு ஆண்டே ஜபல்பூரில் இந்தியாவுக்கும் வந்துவிட்டது. நமக்கு அருகில் மணப்பாறையில் 2025 ஜனவரி இறுதியில் பாரத சாரண சாரணியர் இயக்கத்தின் வைர விழாப் பெருந்திரளணி நடந்ததைப் பலர் அறிவீர்கள். அப்போது மணப்பாறை முறுக்கு பல மாநிலங்களுக்குப் பயணமாகியிருக்கும்!

இந்தக் கூடாரத்தில் யாரும் விருந்தாளி அல்லர். இடம் தேடுவதிலிருந்து வேலை தொடங்கும். மரத்தடி நிழல் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் காற்றில் கிளை முறிந்து விழலாம், மழை நின்ற பிறகும் இலைகள் சொட்டிக்கொண்டே இருக்கும். பள்ளமான இடமும் ஆகாது. வாசல் காற்று வீசும் திசையைப் பார்த்து இருக்கக் கூடாது. முளைகளைக் கூடாரத்திற்கு எதிர்ப்புறமாகத் தலை சாய்த்து அடிக்க வேண்டும். நேராக அடித்தால் கயிறு இழுத்த இழுப்பில் பிடுங்கிக்கொள்ளும். பருத்திக் கயிறு நனைந்தால் சுருங்கும். ஆகவே பனி இறங்கும்முன் கயிறுகளைச் சற்றுத் தளர்த்திவிட வேண்டும்; மறந்தால் நள்ளிரவில் முளை பெயர்ந்துவிடும். மழை பெய்யும்போது பருத்திக் கூடாரத்தின் துணியை உட்புறம் விரலால் தொட்டால் அந்த இடத்தில் ஒழுகத் தொடங்கும். "தொடாதே" என்று சொன்ன பிறகு தொட்டுப் பார்க்காத பெண் எங்கள் அணியில் ஒருத்திகூட இல்லை.

எட்டுப் பேருக்கு உப்புமா கிண்டி, பாத்திரம் துலக்கி, மூங்கில் கழிகளைக் கயிற்றால் கட்டித் தட்டு வைக்கும் அடுக்கு செய்து, அடுப்புக் குழியை மூடி, வந்த சுவடு தெரியாமல் இடத்தைத் திருப்பித் தருவது வரை எல்லாம் எங்கள் பொறுப்பு. சொகுசுக் கூடாரத்தில் இவை அனைத்தும் நடக்கத்தான் செய்கின்றன, செய்பவர் வேறொருவர். படுக்கை விரிப்பதும் தண்ணீர் சுமப்பதும் அந்த மலையூர்க்காரர்களின் பிழைப்பு. அதை நாங்கள் குறை கூறவில்லை. முழங்கால் வலியுள்ள பாட்டி தரையில் படுக்க முடியுமா? அவருக்கும் மலைக்காற்றும் விண்மீனும் வேண்டுமல்லவா? ஆனால் அங்கே போய் வந்துவிட்டு "நாங்களும் கேம்ப் போனோம்" என்று சொன்னால்தான் எங்களுக்குச் சிரிப்பு வருகிறது.

பெற்றோர்களுக்கு ஒரு சொல். பெண் பிள்ளையைக் கூடாரத்தில் தங்க அனுப்பத் தயங்குகிறீர்கள். பணம் கொடுத்துத் தங்கும் இடமானால் பத்திரம் என்று நம்புகிறீர்கள். 2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடியில், காட்டை ஒட்டிய விடுதிக் கூடாரத்தில் தங்கிய இளம் பெண் ஒருவர் யானை தாக்கி உயிரிழந்தார். கட்டணம் எவ்வளவு என்பதைவிட, கூடாரம் எந்த இடத்தில் இருக்கிறது, இரவில் யார் விழித்திருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள். எங்களைக் கேட்டால், முறைவைத்துக் காவல் இருக்கும் எட்டுப் பெண்களுக்கு நடுவில் தூங்குவதுதான் நிம்மதி.

'கேம்ப்' என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மன்னார்புரத்திலிருந்து விமான நிலையப் பக்கம் சில மைல் போனால் கொட்டப்பட்டு. 1983-க்குப் பின் கடல் கடந்து வந்த இலங்கைத் தமிழர் தங்கவைக்கப்பட்ட முகாம்களில் ஒன்று அங்கே இருக்கிறது. அதற்கு முளை அடிக்கக் கற்றுக்கொடுத்தவரும் இல்லை. சுருட்டிக்கொண்டு வீடு திரும்பும் நாளும் குறிக்கப்படவில்லை. அங்கேயே பிறந்து வளர்ந்து, பிள்ளைகளும் பெற்றவர்கள் இருக்கிறார்கள். 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 2021-இல் தமிழக அரசு 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. பெயர்ப் பலகை மாறியும் ஊரார் வாயில் அது இன்னும் வெறும் 'கேம்ப்'தான்.