வானம் பார்த்த பூமியில் கனிதரும் மரங்கள்

மானாவாரி உழவரின் வாழ்வு மழையை நம்பிய வாழ்வு. ஆடிப்பட்டமாயினும் புரட்டாசிப்பட்டமாயினும், விதைத்துவிட்டு வானத்தை நோக்கியிருப்பவர் அவர். மழை பொய்த்தால் போட்ட விதையும் திரும்பாது. வாங்கிய கடனும் தீராது. இறுதியில் பிள்ளைகளின் படிப்பை நிறுத்திவிட்டு, குடும்பமே வேலை தேடி வெளியூர் செல்ல நேரிடுகிறது. இந்நிலை மாற வழியுண்டா? பயிரைக் கைவிடாமல், அதே நிலத்தில் பழமரங்களையும் வளர்ப்பது நல்லதொரு வழி எனலாம்.

குஜராத்தில் ஒரு முயற்சி

தென்குஜராத்தில் வான்ஸ்தா என்னும் வட்டாரம் பழங்குடி மக்கள் மிகுந்தது. பிழைப்புக்காக ஆண்டுதோறும் ஊரைவிட்டுச் செல்வது அவர்களுக்கு வழக்கமாயிருந்தது. காந்தியவாதி மணிபாய் தேசாய் 1967-இல் தோற்றுவித்த 'பைஃப்' தொண்டு நிறுவனம், 1982-இல் அங்கு 'வாடி' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. வாடி என்றால் சிறு தோட்டம். குடும்பத்திற்கு ஏறத்தாழ 1 ஏக்கர் நிலத்தில் மாவும் முந்திரியும் நட்டனர். ஓரங்களில் விறகுக்கும் வேலிக்குமான மரங்களை வளர்த்தனர். இடைவெளியில் தானியமும் பயறும் காய்கறியும் விளைவித்தனர். மரம் காய்க்கும்வரை ஊடுபயிரே வயிற்றைக் காத்தது. 2003-04-இல் நபார்டு வங்கி பழங்குடியினர் வளர்ச்சி நிதியை ஏற்படுத்தி, இம்முறையைப் பல மாநிலங்களுக்கும் கொண்டு சென்றது.

நம் நிலத்தில்

தமிழகத்திலும் கிருஷ்ணகிரிப் பகுதியின் இளம் மாந்தோப்புகளில் நிலக்கடலையும் கொள்ளும் விளைவதைக் காண்கிறோம். மரம் நட்டால் பயிருக்கு இடமிராதே என அஞ்சுவோர் உளர். கணக்கிட்டுப் பார்ப்போம். 10 மீட்டருக்கு ஒன்றாக நட்டால் ஏக்கருக்கு 40 கன்றுகள். ஒவ்வொரு கன்றைச் சுற்றியும் 1 மீட்டர் விட்டுவைத்தாலும், தொடக்கத்தில் பயிர் இழக்கும் நிலம் நூற்றில் மூன்று பங்கே.

நீர் குறைந்த நிலத்திற்கு மா, நெல்லி, சீத்தா, இலந்தை, புளி ஆகியன ஏற்றவை. இடையில் நிலக்கடலை, உளுந்து, கொள்ளு, தட்டைப்பயறு விதைக்கலாம். பயறு வகைகள் மண்ணுக்குத் தழைச்சத்தும் அளிக்கும். சோளம், கம்பு போன்ற உயரமான பயிர்களை இளங்கன்றின் அருகில் விதைத்தல் கூடாது. அவை வெயிலையும் நீரையும் பறித்துக்கொள்ளும். கன்றை ஒட்டி உழுதாலும் வேர் அறுபடும். மரம் கிளை பரப்பியபின் நிழலில் விளைச்சல் குறையுமாதலால், ஆசை மிகுந்து நெருக்கி நடுதல் தகாது.

மூன்று கோடைகள்

இம்முறை வெற்றி பெறுவதும் தோல்வியுறுவதும் முதல் மூன்று கோடைகளிலேயே. சரிவான நிலத்தில் கன்றின் கீழ்ப்புறம் பிறைவடிவில் வரப்பிட்டால் மழைநீர் வேரடியில் தங்கும். மண்பானையைக் கன்றருகே புதைத்து நீர் நிரப்பினால், அது சிறுகச் சிறுகக் கசிந்து வேரை நனைக்கும். சருகும் கடலைத்தோலும் பரப்பினால் ஈரம் காயாது. ஆடுமாடுகள் மேயாதவாறு முள்வேலியும் இன்றியமையாதது.

மரமும் காய்க்காத ஆண்டு உண்டு, மறுப்பதற்கில்லை. எனினும் பயிர் கருகும் ஆண்டில் ஆழ வேரூன்றிய மரம் கைகொடுக்கக் கூடும். மரம் ஓய்ந்த ஆண்டில் பயிர் சோறளிக்கக் கூடும். இரண்டும் ஒருசேரப் பொய்ப்பது அரிது. கோடையில் வயல் வெறுமையாய்க் கிடக்கும்போது மாம்பழம் கைக்குக் காசு தருவதும் சிறு நன்மையன்று.

ஆதலின், நிலமுள்ள குடும்பங்கள் முதலில் அரை ஏக்கரிலேனும் தொடங்கட்டும். தாய் தந்தையரோடு பிள்ளைகளும் ஆளுக்கு ஐந்து கன்றுகளைப் பொறுப்பேற்று நீர் வார்க்கட்டும். அவர்கள் படிப்பைத் தொடரவும் சொந்த ஊரிலேயே வாழவும் அம்மரங்கள் துணைநிற்கும்.