விரலுக்கேற்ற வீக்கமா? விரலுக்கேற்ற உறையா?

செஞ்சியிலே வெயில் எப்படிக் காயும் என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ராஜகிரியும் கிருஷ்ணகிரியும் சந்திரகிரியும் பகலெல்லாம் குடித்த வெயிலை இரவிலே கக்குகின்றன. அந்த ஊரை வைத்துக்கொண்டு பனிக்கட்டியின்மேல் ஆடுகிற ஹாக்கியைப் பற்றிப் பேச வந்தால், "உமக்கு வேறு வேலை இல்லையா?" என்று கேட்கத்தான் செய்வார்கள். கேட்கட்டும். பனிக்கட்டி செஞ்சிக்குச் சொந்தமல்ல, ஒப்புக்கொள்கிறோம். ஆனால் வாசல் காப்பது யாருக்குச் சொந்தம்? அதைச் செஞ்சிக்குச் சொல்லித் தர இன்னொரு ஊர் பிறக்கவேண்டும்!

1690இலே மொகலாயப் படை செஞ்சியை முற்றுகையிட்டது. கோட்டை விழுந்தது 1698இலே. ஏறத்தாழ எட்டாண்டுகள்! மூன்று மலைகளைச் சேர்த்து வளைத்த மதில் நீளமானதுதான். ஆனால் நீளமான மதில் மட்டும் கோட்டையைக் காப்பதில்லை. ராஜகிரியின் உச்சிக்குப் போகும் வழியிலே மலையே பிளந்து ஒரு பள்ளம். அதன்மேல் ஒரு மரப் பாலம். அதற்கப்பால் ஒரு வாசல். கீழே ஆயிரம் பேர் சண்டையிட்டாலும் முடிவு அந்த வாசலிலேதான். 2025ஆம் ஆண்டு ஜூலையிலே, மராத்தியரின் இராணுவ நிலக்காட்சிகள் என்ற தொகுதியிலே ஒன்றாக, யுனெஸ்கோ இந்தக் கோட்டையை உலக மரபுச் சின்னங்களின் பட்டியலிலே சேர்த்தது. உலகம் போற்றுகிறது, மகிழ்கிறோம். அந்த வாசலிலே நின்றவனின் கையிலே என்ன இருந்தது, அது அவன் கைக்குப் பொருந்தியதா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. நாம் கேட்கிறோம்.

ஐஸ் ஹாக்கியிலே வாசல் என்பது 6 அடி அகலமும் 4 அடி உயரமும் உள்ள ஒரு வலைக்கூடு. அதன்முன் நிற்பவர் கோல் காவலர். எதிரி அடிப்பது பந்தல்ல; 'பக்' எனப்படும் கெட்டி ரப்பர் வட்டு. ஓர் அங்குலக் கனம், மூன்று அங்குலக் குறுக்களவு, 156 முதல் 170 கிராம் வரை எடை. நம் பிள்ளைகள் ஆடுகிற கிரிக்கெட் பந்தின் எடையும் ஏறத்தாழ இதுவேதான்: 156 முதல் 163 கிராம். துள்ளிக் குதித்து ஓடிவிடாமல் இருக்க, பெரிய ஆட்டங்களிலே அந்த வட்டை முன்கூட்டியே உறையவைத்துக் கொண்டுவருகிறார்கள். தேர்ந்த ஆட்டக்காரன் அடித்தால் அது மணிக்கு 160 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்திலே பறக்கும். உறைந்த ரப்பர், ரயிலைவிட வேகம், குறி ஒரு மனிதனின் கை!

அந்தக் கைக்கு உறை எப்படி வந்தது? விதி எழுதுகிற மேசையிலே பிறந்ததா? இல்லை. 1940களின் பிற்பகுதியிலே சிகாகோ அணியின் கோல் காவலர் எமில் பிரான்சிஸ், பேஸ்பால் ஆட்டத்திலே முதல் தளத்தில் நிற்பவர் அணியும் அகன்ற தோலுறையை எடுத்தார், அதனோடு மணிக்கட்டுக்கு ஒரு காப்பைச் சேர்த்துக்கொண்டார், களத்திலே இறங்கினார். டெட்ராயிட் அணியின் ஜாக் ஆடம்ஸ், "இது முறையல்ல" என்று ஆட்சேபம் எழுப்பினார். லீகின் தலைவர் கிளாரன்ஸ் காம்ப்பெல் அதைப் பார்த்தார், அனுமதித்தார். அதன் பிறகு உலகெங்கும் கோல் காவலர்களின் கை அந்த வழியிலே போயிற்று. இன்று வட அமெரிக்கத் தேசிய லீகின் விதி, அந்த உறையின் சுற்றளவு 45 அங்குலத்தைத் தாண்டக்கூடாது என்று அளவு சொல்கிறது. யார் கைக்கு வலித்ததோ அவர் வழி கண்டார்; விதி பின்னால் நடந்து வந்தது. உலகிலே எந்த உரிமைதான் வேறு வழியில் வந்தது?

இனி, பொருந்தும் உறை என்றால் என்ன? கடைக்காரர், "பெரியதாகவே வாங்குங்கள், அதிகம் தடுக்கலாம்" என்பார். தகப்பனார், "வளர்கிற பிள்ளை, இரண்டு வருடம் வரட்டும்" என்பார். இருவர் பேச்சும் காதுக்கு இனிமை, கைக்குக் கொடுமை.

உறைக்கு மூன்று சோதனை உண்டு. முதலாவது, விரல். விரல்நுனி உறையின் விரற்பைக்குள் கடைசிவரை எட்ட வேண்டும். எட்டாவிட்டால் மூடுவதற்குப் பலம் போதாது; வட்டு உள்ளே வந்து, "வணக்கம்" சொல்லிவிட்டு வெளியே போய்விடும். இரண்டாவது, மடிப்பு. எல்லா உறையும் ஓரிடத்திலே மடிவதில்லை. சில, கட்டைவிரலும் மற்ற விரல்களும் கைகுலுக்குவதுபோலச் சேர்கையிலே மூடும். சில, அதற்கும் கீழே, உள்ளங்கையின் குறுக்கே மடியும். எது உயர்ந்தது என்ற கேள்விக்கே இடமில்லை. யாருடைய கை இயல்பாக எப்படி மூடுகிறதோ அவருக்கு அதுவே உயர்ந்தது. மூன்றாவது, மணிக்கட்டு. வார் தளர்ந்திருந்தால் அடி விழும்போது உறை திரும்பிவிடும். இறுகியிருந்தால் கையே திரும்பாது. இரண்டுக்கும் நடுவே ஓர் அளவு இருக்கிறது. அதைப் போட்டுப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க முடியும். பட்டியலைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

உள்ளங்கைப் பகுதியின் கனமும் ஒரு கணக்கு. கனம் குறைந்தால் வட்டு எங்கே பட்டது என்பது உடனே தெரியும், மூடவும் எளிது. ஆனால் சுரீர் என்று சுடும். தேர்ந்தவர்கள் அதை விரும்புவார்கள். பழகும் பிள்ளைக்குக் கனமான உள்ளங்கைதான் நல்லது. ஏனென்றால் தேர்ந்தவர் வட்டைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவேயுள்ள பையிலே வாங்கிவிடுவார்; பழகும் பிள்ளை உள்ளங்கையிலே வாங்கும்.

புது உறை முரட்டுக் காளை. அதைப் பழக்க வேண்டும். பையிலே ஒரு பந்தை வைத்து, மடித்துக் கட்டி, இரவெல்லாம் வைக்கிறார்கள். கையாலே மூடி மூடித் திறக்கிறார்கள். ஆடி முடிந்ததும் நிழலிலே, காற்றோட்டத்திலே உலர்த்துகிறார்கள். வெயிலிலும் நெருப்பருகிலும் வைத்தால் தோல் வறண்டு வெடிக்கும். இன்னொரு செய்தி: பெரும்பாலோர் வலக்கையிலே மட்டையும் இடக்கையிலே உறையுமாக நிற்பதால், கடையிலே கிடைப்பதும் பெரும்பாலும் இடக்கை உறைதான். வலக்கையாலே பிடிக்கிற பிள்ளை என்ன செய்யும்? தன் இயற்கையை மாற்றிக்கொள்ள வேண்டும். இல்லையேல் ஆட்டத்தை விட வேண்டும்! சிறுபான்மையினரின் சங்கடம் கையுறைக் கடையிலும் இருக்கிறது, பார்த்தீர்களா?

"சரி, இதெல்லாம் கனடாக்காரன் கவலை" என்பார் சிலர். இல்லை, லடாக் இந்தியாவிலேதான் இருக்கிறது. இந்திய ஐஸ் ஹாக்கிச் சங்கம் 1989இலே உலக அமைப்பிலே உறுப்பினராயிற்று. லே நகரிலே கர்சூ குளம் உறைந்தால் ஆட்டம், உருகினால் ஓய்வு. இயற்கைப் பனித்தளம் ஆண்டிலே ஏறத்தாழ இரண்டு மாதம். அங்கே வளர்ந்த பெண்கள், பொதுமக்களிடம் நிதி திரட்டிக்கொண்டு, 2016இலே தைப்பேயில் நடந்த ஆசியப் போட்டிக்குப் போனார்கள்; தோற்றார்கள். 2017இலே பாங்காக்கிலே பிலிப்பைன்ஸ் அணியை 4-3 என்று வென்றார்கள்; நாட்டுக்கு அவர்கள் பெற்றுத் தந்த முதல் வெற்றி அது. அந்த அணியின் வாசலிலே நின்றவர்களிலே ஒருவர் நூர் ஜஹான். பழைய ஓவியங்களைப் பழுதுபார்த்துக் காப்பது அவருடைய தொழில். 2018 ஜனவரியிலே கனடாவின் ஒலிம்பிக் வீராங்கனை ஹேலி விக்கன்ஹைசர் ஆட்டக் கருவிகளோடு லடாக் வந்து பயிற்சி தந்தார். 2025இலே ஐக்கிய அரபு நாட்டின் அல் ஐன் நகரில் நடந்த ஆசியக் கோப்பையிலே நம் பெண்கள் வெண்கலம் பெற்றார்கள்.

நன்கொடை தந்தவர்களை வணங்குகிறோம். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நன்கொடைப் பெட்டி அளவு கேட்டுக்கொண்டா வருகிறது? யாரோ ஒருவர் ஆடிப் பழகி, அவர் விரலுக்கு மடிந்துபோன உறை, மலைநாட்டுப் பெண்ணின் சிறிய கைக்கு வந்து சேர்ந்தால், அது கவசமா, சுமையா? கொடுத்தவர் மனம் பெரிது; வந்த உறையும் பெரிது. மனம் பெரிதாக இருப்பது நல்லது. உறை பெரிதாக இருப்பது நல்லதல்ல.

இப்போது செஞ்சிக்குத் திரும்புவோம். கோட்டை மலைகளின் அடிவாரத்து ஊர்களிலே மாலையிலே எங்கே பார்த்தாலும் மட்டையும் பந்தும். விக்கெட்டுக்குப் பின்னாலே குந்துகிறானே, அவன் யார்? பனிக்கட்டி இல்லாத ஊரின் கோல் காவலன்! அதே எடையுள்ள பந்து, அதே அடி, அதே நோவு. களத்தடுப்பாளர்களிலே கையுறை அணியும் உரிமையைக் கிரிக்கெட் விதி அவன் ஒருவனுக்கே தருகிறது. விரல்களுக்கு நடுவே வலைத்தோல் கூடாது, கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையே மட்டும் ஆகலாம் என்று விதி அளந்து சொல்கிறது. விதி தரும் உரிமையைச் சட்டைப்பை தருகிறதா? குழுவுக்கு ஒரு ஜோடி. யார் கீப்பரோ அவர் போட்டுக்கொள்ள வேண்டும். பன்னிரண்டு வயதுக் கை, இருபது வயது உறைக்குள்ளே நீந்த வேண்டும். உள்ளே அணிய வேண்டிய மெல்லிய உள்ளுறை பல பிள்ளைகள் கண்ணாலேயும் கண்டதில்லை.

1979இலே இங்கிலாந்திலே இந்தியாவுக்காக நான்கு டெஸ்ட் ஆட்டங்களிலே கீப்பராக நின்ற பரத் ரெட்டி தமிழ்நாட்டு ஆட்டக்காரர். 2004இலே டெஸ்ட் அரங்கம் ஏறிய தினேஷ் கார்த்திக் நம்மவர். அவர்கள் கைக்கு உறை பொருந்தியது. நாடு அவர்கள் கையைக் கண்டது. பொருந்தாத உறையாலே விரல் வீங்கி, "எனக்கு இது சரிப்படாது" என்று ஒதுங்கிய கைகள் எத்தனையோ, அந்தக் கணக்கை யார் எழுதி வைத்தார்கள்? ஹாக்கி வீரர் ஸ்ரீஜேஷின் தந்தை, மகனுக்குக் கோல் காவலர் கவசம் வாங்கப் பசுவை விற்றார் என்பது நாடறிந்த செய்தி. அந்த மகன் 2021இலே டோக்கியோவிலும் 2024இலே பாரிசிலும் வெண்கலம் கொண்டுவந்தார். போற்றுகிறோம். ஆனால் பசு இல்லாத வீட்டுப் பிள்ளை?

வேடிக்கை ஒன்று உண்டு. தோலுக்குத் தமிழ்நாட்டிலே பஞ்சமா? ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று செஞ்சிக்கு வடமேற்கே ஒரு தோல் நாடே இருக்கிறது. தோலைப் பற்றி ஆராய அடையாற்றிலே 1948 முதல் மத்திய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அயல்நாட்டான் பாதத்துக்கு அரை அங்குலம் பிசகாமல் செருப்புத் தைக்கத் தெரிந்த தொழிலாளி இங்கே இருக்கிறார். விளையாட்டுக் கருவிகளோ மீரட்டிலிருந்தும் ஜலந்தரிலிருந்தும் வருகின்றன. 1947இலே சியால்கோட்டை விட்டு வந்த கைவினைஞர்கள் அந்த ஊர்களிலே ஊன்றி வளர்த்த தொழில் அது. அகதியாக வந்தவர்கள் தொழில் கண்டார்கள்! தோலும் கையும் அறிவும் ஒருங்கே உள்ள நாம் நம் பிள்ளையின் கையை அளந்து பார்க்கக் கூடாதா?

ஊராட்சிகளுக்கு விளையாட்டுக் கருவித் தொகுப்பு வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2024இலே தொடங்கியது. வரவேற்கத்தக்கது. அதோடு நாம் கேட்பது மூன்றே மூன்று. கருவி கொடுக்குமுன் கையை அளந்து கொடுங்கள். ஒரே அளவிலே பத்து வாங்குவதைவிட மூன்று அளவிலே மும்மூன்று வாங்குங்கள். இடக்கைப் பிள்ளையையும் வலக்கைப் பிள்ளையையும் கணக்கிலே சேருங்கள். இதற்குக் கோடி தேவையில்லை. ஒரு அளவு நாடாவும், உடற்கல்வி ஆசிரியருக்கு ஒரு பிற்பகலும் போதும்.

"விரலுக்கேற்ற வீக்கம்" என்று ஒரு பழமொழி வைத்திருக்கிறோம். ஏழை அதிகம் ஆசைப்படக்கூடாது என்று அடக்குவதற்கு அதை எடுத்து வீசுவார்கள். நாம் அதைத் திருப்பிப் போடச் சொல்கிறோம். வாசலிலே நிற்கும் பிள்ளையின் விரலுக்கு வீக்கம் வேண்டாம். விரலுக்கேற்ற உறை வேண்டும். அது லே நகரத்துப் பனியிலே நிற்கும் பெண்ணாக இருந்தாலும் சரி, செஞ்சிப் பாறையின் வெயிலிலே குந்தும் பையனாக இருந்தாலும் சரி, வாசல் ஒன்றே, கையும் ஒன்றே!